மண்டப மேடையில் பேஸ் கிட்டார் அடியும் இல்லாம முனையும் இல்லாம வருது, கூடவே இரைச்சல் – என்ன வாங்கலாம்?

கரூர்_நாலுகம்பி

எல்லாருக்கும் வணக்கம். லைட் மியூசிக் குழுவுல பேஸ் வாசிக்கிறேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா ரெண்டும் உண்டு. கிட்டார் ஜாஸ் பேஸ் மாடல், நாலு கம்பி, பேசிவ் (உள்ள பேட்டரி கிடையாது), ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப். மேடைல பேஸ் ஆம்ப் பெரும்பாலும் இருக்காது. மைக் செட்காரங்க கொடுக்கிற கேபிளை நேரா கிட்டார்ல செருகி மிக்சருக்குப் போயிடுது.

சவுண்ட் மங்கலா வருது, அடியும் (லோ) நிக்க மாட்டேங்குது. கெய்ன் ஏத்தினா 'உம்ம்'னு இரைச்சல். ரிகர்சல் ரூம்ல இதே கிட்டார் நல்லா இருக்கு. முதல்ல ஆம்ப் வாங்கணுமா, டி.ஐ. பாக்ஸா, இல்ல பிக்கப் மாத்தணுமா? வாங்கற பொருள் வீட்ல ரெக்கார்டிங்குக்கும் உதவினா நல்லது.

மிக்சர்_முன்னால்

எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் சொல்லுங்க தம்பி.

கேபிளோட மிக்சர் பக்க முனை எக்ஸ்.எல்.ஆரா, ஜாக்கா? கம்பியைக் கையால தொட்டா இரைச்சல் குறையுதா, கூடுதா, அப்படியேவா? ரெண்டு வால்யூமும் முழுசா திறந்தா ஒரு மாதிரி, ஒண்ணைக் குறைச்சா வேற மாதிரி இரைச்சல் வருதா? உங்க சேனல்ல லோ கட் பட்டன் அமுங்கி இருக்கான்னு என்னைக்காவது பாத்தீங்களா?

கடைசிதான் நான் அதிகமா பாக்குற கோளாறு. அனலாக் மிக்சர்ல அந்த பட்டன் 75, 80 இல்ல 100 ஹெர்ட்ஸ்ல வெட்டும். பாட்டு மைக்குக்காக வரிசையா எல்லா சேனல்லயும் அமுக்கி விட்டிருப்பாங்க. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. ரெண்டோட அடிப்படை ஸ்வரமும் அந்த பட்டன்லயே போயிடும். மிக்சர்காரர் ஈக்யூல லோவை எவ்வளவு ஏத்தினாலும் போனது திரும்பாது. முதல்ல அதை விடுவிக்கச் சொல்லுங்க.

ஈயப்புகை

மங்கலுக்குக் காரணம் சொல்கிறேன். பேசிவ் பிக்கப் என்பது மெல்லிய கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றிய காயில். அதன் முன்னால் வரும் உள்ளீட்டின் மின்தடை மிக அதிகமாக இருக்க வேண்டும். கிட்டார் ஆம்பில் அது வழக்கமாக 1 மெகாஓம். மிக்சரின் லைன் உள்ளீடு சுமார் 10 கிலோஓம், மைக் உள்ளீடு ஓரிரு கிலோஓம்தான். அவ்வளவு குறைந்த தடையில் செருகினால் காயிலின் இண்டக்டன்ஸ் காரணமாக மேல் அதிர்வெண்கள் முதலில் செத்துப் போகும், மொத்த அளவும் விழும். அதை ஈடுகட்ட கெய்னைத் திருகினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். உங்கள் இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றுதான்.

டி.ஐ. பாக்ஸ் செய்யும் வேலை இதுதான்: கிட்டாருக்கு உயர்ந்த தடையைக் காட்டி, மிக்சருக்குக் குறைந்த தடையில் பேலன்ஸ்டு (வழியில் சேரும் இரைச்சலை மிக்சரில் அழிக்கும் வகை) சிக்னல் தரும். அதனால் மேடையிலிருந்து மிக்சர் வரை 30 மீட்டர் கேபிள் ஓடினாலும் பயமில்லை.

பேசிவ் கிட்டாருக்கு மின்சாரம் தேவைப்படும் ஆக்டிவ் டி.ஐ. (1 மெகாஓம் அல்லது அதற்கு மேல்) பொருத்தம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பேசிவ் டி.ஐ.களில் நல்லவை 140 கிலோஓம் அளவில் இருக்கும். மேல்முனை கொஞ்சம் மழுங்கும், ஆனால் பழைய பாட்டுகளுக்கு அது கெடுதல் இல்லை. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிரீஆம்ப் உள்ள கிட்டார் என்றால் பேசிவ் டி.ஐ. தாராளமாகப் போதும்.

ஆம்ப் இப்போது வேண்டாம். டி.ஐ. முதலில்.

கரூர்_நாலுகம்பி

நன்றி அண்ணா. ஒரு பக்கம் எக்ஸ்.எல்.ஆர், மறு பக்கம் மோனோ ஜாக் வெச்ச கேபிள்தான். கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுது. ரெண்டு வால்யூமும் முழுசா இருந்தா கம்மி, பிரிட்ஜ் பிக்கப்பைக் குறைச்சா நல்லாவே கூடுது. சீரியல் லைட், எல்.இ.டி. பார் லைட் போட்டா 'ஜ்ஜ்'னு தனியா ஒண்ணு சேருது. லோ கட் இனிமேதான் பாக்கணும்.

ஈயப்புகை

அந்த எக்ஸ்.எல்.ஆர்–மோனோ ஜாக் கேபிளை இனி கிட்டாரில் செருகாதீர்கள். அதில் 3ஆம் பின் 1ஆம் பின்னோடு சேர்த்து ஈயம் வைக்கப்பட்டிருக்கும். மிக்சரில் 48 வோல்ட் ஃபேன்டம் (மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் வசதி) போட்டிருந்தால் அந்த மின்னழுத்தம் ஜாக்கின் நுனிக்கு வரும். பேசிவ் கிட்டாரில் கரகரப்போடு போகலாம். ஆக்டிவ் பிரீஆம்ப் இருந்தால் அது கெட வாய்ப்பு உண்டு. பல மிக்சர்களில் ஃபேன்டம் மொத்த சேனல்களுக்கும் ஒரே பட்டன் என்பதால், கன்டென்சர் மைக்குக்காகப் போட்டது உங்கள் கேபிளுக்கும் வந்து சேரும்.

தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது. தொட்டால் மாற்றமே இல்லை, ஜாக் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் அந்த வயர் அறுந்திருக்கும். தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் நுனி வயரும் எர்த் வயரும் இடம் மாறியிருக்கின்றன.

வால்யூம் விஷயம் ஜாஸ் பேஸின் பிறவிக்குணம். இரண்டு பிக்கப்பும் காந்தத்திலும் சுற்றிலும் எதிரெதிராகச் செய்யப்பட்டவை. இரண்டும் சம அளவில் திறந்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். ஒன்றைக் குறைத்தால் அழிவு நின்றுவிடும். பிரிசிஷன் பேஸுக்கு 1957இல் வந்த பிளவு காயில் பிக்கப்பிலும் இதே தத்துவம். ஒரே பிக்கப்புக்குள் இரண்டு காயிலும் இருப்பதால் அங்கே எப்போதும் அமைதி.

லைட்டால் வரும் 'ஜ்ஜ்' வேறு. அதற்குக் காப்பர் ஃபாயில் ஷீல்டிங் உதவும். பசையிலும் மின்சாரம் பாயும் ஃபாயிலாகக் கேட்டு வாங்குங்கள். பிக்கப் குழி இரண்டு, கண்ட்ரோல் குழி, கண்ட்ரோல் தட்டின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் ஒட்டி, துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். மல்டிமீட்டரில் எந்த இரண்டு இடத்தைத் தொட்டாலும் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். பிக்கப் குழி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் எடுத்து வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் சேர்க்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். ஜாக்கின் நுனி இதழ் ஃபாயிலில் பட்டால் சத்தமே வராது, அந்த இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஷீல்டிங் காந்தப் புலத்தால் வரும் 50 ஹெர்ட்ஸை நிறுத்தாது. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டெபிலைசர் அருகே நின்றால் அது வரும். அதற்கு ஹம் அழிக்கும் வகை ஜாஸ் பிக்கப், டிமார்சியோ மாடல் ஜே போன்றவைதான் தீர்வு. இல்லாவிட்டால் இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்து வாசிக்கலாம், அல்லது நிற்கும் கோணத்தை மாற்றலாம். 90 டிகிரி திரும்பினாலே இரைச்சல் பாதியாகிற இடங்கள் உண்டு.

மிக்சர்_முன்னால்

எர்த் பத்தி நான் கொஞ்சம் நீளமா சொல்லணும். இது சவுண்டைத் தாண்டி உயிர் விஷயம்.

இரைச்சல் போகணும்னு த்ரீ பின் பிளக்ல எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. செய்யவே கூடாது. அப்படிச் செஞ்ச ஆம்ப்ல உள்ள ஒரு வயர் பாடியைத் தொட்டா, உங்க கம்பி லைவ் ஆயிடும். இன்னொரு பக்கம் பாட்டு மைக் மிக்சர் வழியா எர்த்ல இருக்கும். கோரஸ் பாட உதட்டை மைக் கிட்ட கொண்டு போனா சர்க்யூட் உங்க உடம்பு வழியா முடியும். கிரவுண்ட் லூப்பை (ரெண்டு வழியா எர்த் சேர்றதால வர்ற இரைச்சல்) டி.ஐ.ல இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்ல உடைங்க. அது சிக்னல் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது.

ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர் பையில இருக்கட்டும். ஏசி 750 வோல்ட் ரேஞ்ச்ல வெச்சு உங்க சாக்கெட்ல மூணு அளவு எடுங்க. ஃபேஸ்–நியூட்ரல் 230 பக்கம். ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே. நியூட்ரல்–எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. ஃபேஸ்–எர்த் 100, 120ன்னு அலைபாஞ்சா அங்க எர்த் இணைப்பே இல்ல, துளை மட்டும்தான் இருக்கு. நியூட்ரல்–எர்த் 230 காட்டினா ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

அப்புறம் எல்லாம் இணைச்சு முடிச்சதும் ஒரு புரோப் கம்பி மேல, இன்னொண்ணு மைக் வலை மேல. அங்க சில வோல்ட்டுக்கு மேல காட்டினா வாசிக்க ஆரம்பிக்காதீங்க. பந்தல்ல ஜெனரேட்டர் ஓடும்போது இது கட்டாயம். ஈரத் தரைல அடிச்ச எர்த் கம்பி இருக்கா, அதுக்கு வயர் போகுதான்னு கண்ணால பாருங்க.

நீங்களும் மிக்சரும் ஒரே மின் இணைப்புல இருந்தா லூப் பாதி குறையும். லைட் செட் இருக்கிற ஃபேஸ்ல இருந்து மேடை கருவிகளுக்கு லைன் எடுக்க வேண்டாம்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க.

மந்த்ரஸ்தாயி

டி.ஐ. முதலில் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆம்ப் வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். லைட் மியூசிக் மேடையில் பேஸ்காரருக்கு மானிட்டர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதில் பாடகர் குரல்தான் ஓடும். தன் சத்தம் கேட்காதபோது விரல் தானாகவே பலமாக அடிக்கும். கம்பி ப்ரெட்டில் மோதி சுருதி மேலேறும், ராகம் தெரிந்த காதுக்கு உடனே உறுத்தும். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி ஸ்வரவரிசையாகப் பாடிக்கொண்டே போகும். அவற்றை உங்கள் காதுக்குக் கேட்காமல் சுத்தமாக வாசிக்க முடியாது. 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த சிறு காம்போ போதும், உங்கள் காதுக்கு மட்டும்.

அதை மேடைப் பலகையின் மேல் நேராக வைக்காதீர்கள். உள்ளே காலியான பிளைவுட் மேடை முழுதும் சேர்ந்து அதிரும். நாற்காலி மேல் வைத்து, முகத்தைக் காது பக்கம் சாய்த்தால் பாதி சத்தத்திலேயே கேட்கும். மிக்சருக்கு ஆம்பின் டி.ஐ. வழியாகப் போனால் பிரீ–போஸ்ட் சுவிட்சை பிரீயில் (ஆம்பின் ஈக்யூவுக்கு முந்தைய சிக்னல்) வையுங்கள். இல்லையேல் நீங்கள் மேடையில் லோவைக் கூட்டும்போதெல்லாம் ஹாலிலும் கூடும்.

சுருதி பற்றி ஒன்று. பாடகர் அரை கட்டை, ஒரு கட்டை இறக்கச் சொன்னால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன். உங்களுக்கு அது கிடையாது. ஈ-யில் இருந்த பாட்டு டி-க்கு இறங்கினால் நாலு கம்பியில் கீழ் ஆதாரம் இல்லை. ஐந்து கம்பி (கீழ் பி 30.9 ஹெர்ட்ஸ்) ஒரு வழி. ஈ கம்பியின் திருகாணிக்குப் பதிலாக ஹிப்ஷாட் எக்ஸ்டென்டர் பொருத்தினால், நெம்புகோலைத் தட்டியதும் ஈ டி-யாகும். கழுத்து மாற வேண்டியதில்லை என்பதால் நான் அதையே சொல்வேன். ஐந்து கம்பி வாங்கினால் கீழ் பி-க்கு 125 அல்லது 130 (கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) கம்பி போடுங்கள், மெல்லியது தொளதொளக்கும்.

இந்த வேலைக்கு ஃப்ளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய வழுவழு) கம்பிதான் என் தேர்வு. விரல் இழுக்கும் 'கீச்' மைக்கில் போகாது, தபேலாவின் டக்காவோடு நன்றாகக் கலக்கும், வருஷக்கணக்கில் தாங்கும்.

சட்டெனஅடி

மந்த்ரஸ்தாயி சார் சொன்னது பழைய பாட்டுக்குச் சரி. இப்ப வர்ற குத்துப் பாட்டு, ஃபங்க் டைப் பாட்டுல ஸ்லாப் (கட்டை விரலால கம்பியை அடிக்கிறது) வந்தா ஃப்ளாட்வவுண்ட்ல ஒண்ணும் வெட்டாது. நிக்கல் ரவுண்டுவவுண்ட் (உருண்டைக் கம்பி சுத்தினது) 45–65–85–105 போட்டு டோன் குமிழைப் பாதி மூடினா ரெண்டுக்கும் தோராயமா சரிப்படும். டாடாரியோ இ.எக்ஸ்.எல். 170 வாங்கினா அது 45–65–80–100, டென்ஷன் கொஞ்சம் கம்மி, அதுக்கேத்த மாதிரி நெக் திரும்ப பாக்கணும்.

ஆனா ரவுண்டுவவுண்ட் கடலோர ஊர்ல சீக்கிரம் சாகும். வியர்வையும் உப்பும் சுற்றுக்கு இடையில இறங்கும். ஒவ்வொரு பாட்டு செட் முடிஞ்சதும் பருத்தித் துணியால கம்பியோட அடிப்பக்கமும் சேர்த்து துடைங்க, மேல மட்டும் துடைச்சா பிரயோஜனம் இல்ல.

புதுக் கம்பி போடுறப்ப ரெண்டு விஷயம். வெட்டறதுக்கு முன்னாடி வெட்டப்போற இடத்துக்கு முன்னால 90 டிகிரி மடக்கிட்டு அப்புறம் வெட்டுங்க. நேரா வெட்டினா உள்கம்பி மேல சுற்று நழுவி கம்பி செத்த மாதிரி ஒலிக்கும். சுருதி ஏத்தினதும் சேடிலுக்கு (பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற துண்டு) முன்னாலயும் நட்டுக்கு (கழுத்து முனைல கம்பி உக்கார்ற பள்ளம்) முன்னாலயும் கட்டை விரலால கம்பியை அழுத்தி மடிப்பு வையுங்க. இல்லன்னா வளைஞ்சே நிக்கும், இன்டோனேஷன் (எல்லா ப்ரெட்லயும் சுருதி சரியா இருக்கிறது) எவ்வளவு திருகினாலும் சரிக்கு வராது.

ஈயப்புகை

கம்பி கனம் மாறினால் செட்டப் இந்த வரிசையில்: சுருதி, நெக் வளைவு, கம்பி உயரம், பிக்கப் உயரம், கடைசியாக இன்டோனேஷன். வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டும்.

முதல் ப்ரெட்டில் கேப்போ போட்டு, நெக் உடலோடு சேரும் ப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். 7–8ஆம் ப்ரெட்டில் கம்பிக்குக் கீழே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஃபீலர் கேஜ் டூ வீலர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று, உடனே திரும்ப சுருதி சேர்த்து அளவு, தேவையானால் மறுபடி கால் சுற்று. ட்ரஸ் ராடின் 3/16 அங்குல நட்டில் 4.5 மில்லிமீட்டர் ஆலன் சாவியைத் திணித்தால் முனை மழுங்கிவிடும், பிறகு நெக்கையே மாற்ற வேண்டி வரும். சரியான சாவி வரும்வரை காத்திருங்கள்.

ஜி கம்பியில் 5 முதல் 7ஆம் ப்ரெட் பக்கம் ஒரு ஸ்வரம் மட்டும் சீக்கிரம் அணைந்தால் அது செட்டப் கோளாறு அல்ல. ஃபெண்டர் வகை நெக்குகளில் பரவலாக உள்ள டெட் ஸ்பாட். ஹெட்ஸ்டாக்கில் சிறு எடை கவ்வினால் இடம் நகரும், மறையாது. அந்த ஸ்வரத்தை டி கம்பியில் வாசியுங்கள்.

பத்துக்குப்பத்து

ரெக்கார்டிங் பக்கம் யாரும் தொடலையே, நான் சொல்றேன்.

ஆடியோ இன்டர்ஃபேஸ்ல (கிட்டாரைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீடு இருந்தா நேரா அதுல செருகுங்க, வீட்டுக்குத் தனி டி.ஐ. தேவையில்ல. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். சினிமா, வீடியோ வேலைக்கு அதைத்தான் கேப்பாங்க. பலமா அடிக்கிற இடத்துலயும் மீட்டர் –10 டி.பி.யைத் தாண்ட வேண்டாம். பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கிற அளவு) 128 சாம்பிள்னா ஒரு வழிக்கு சுமார் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், வாசிக்கத் தெரியாது. 512 வெச்சா விரலும் காதும் சண்டை போடும்.

இரைச்சல் வந்தா முதல்ல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. ரெண்டு பின் சார்ஜர்ல கசியற மின்னழுத்தம் யூஎஸ்பி வழியா கிட்டாருக்கு வரும். பேட்டரில ஓட்டினா நிக்கும்.

பேஸை வெறும் டி.ஐ.யா ஒரு ட்ராக்ல எடுத்து வைங்க. ஆம்ப் சிமுலேட்டர் போட்டது தனி ட்ராக். அரேஞ்சருக்கு ரெண்டையும் பூஜ்ஜியத்துல இருந்து தொடங்கற வேவ் ஃபைலா அனுப்புங்க, ஃபைல் பேர்ல டெம்போவும் ஸ்கேலும் இருக்கட்டும். நிஜ ஆம்ப்ல மைக் வெச்சா, 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒலி வர கிட்டத்தட்ட 0.9 மில்லிசெகண்ட் ஆகும், 48 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 42 சாம்பிள். டி.ஐ. ட்ராக்கோட அதை நகர்த்திச் சேர்க்கலன்னா நடு அதிர்வெண்கள் ஒண்ணையொண்ணு தின்னு சத்தம் ஒல்லியாயிடும்.

இப்ப ரூம். நம்ம வீட்ல பாதிப் பேருக்கு பத்துக்குப் பத்து அறைதான். 10 அடி, அதாவது 3.05 மீட்டர். அந்தச் சுவர்களுக்கு நடுவுல நிக்கிற அலை 56 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒண்ணா இருக்கிறதால ரெண்டு அலையும் ஒரே இடத்துல குவியும், கூரையும் 10 அடின்னா மூணாவதும் சேரும். திறந்த ஏ கம்பி 55. சுவரோரமா உக்காந்து கேட்டா ஏ ஸ்வரம் வீடே அதிர்ற மாதிரி வீங்கும், நட்ட நடுவுல உக்காந்தா காணாமப் போகும். அதை நம்பி ஈக்யூல 55ஐ வெட்டினா வேற இடத்துல கேக்குறவங்களுக்கு ஏ இல்லாத பேஸ் கிடைக்கும். முன்சுவர்ல இருந்து அறை நீளத்துல 38 சதவீத தூரத்துல உக்காருங்க, அடிப்பகுதி முடிவெல்லாம் ஹெட்போன்ல எடுங்க. ட்ராக்ல ஏ மட்டும் உண்மைலயே பெருசான்னு மீட்டர் சொல்லும், காது சொல்லாது.

கம்ப்ரஸரை 4:1, அட்டாக் 20–30 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100 பக்கம் வெச்சு 3–6 டி.பி. குறையற மாதிரி தொடங்கலாம். அட்டாக் ரொம்ப வேகமா வெச்சா விரல் பட்ற முனை போயிடும்.

கரூர்_நாலுகம்பி

ரொம்ப உதவியா இருக்கு. லோ கட் பட்டன் அமுங்கித்தான் இருந்துச்சு, எடுத்ததும் அடி வந்துடுச்சு. ஆக்டிவ் டி.ஐ. வாங்கறதா முடிவு. கச்சேரி அன்னைக்கு மிக்சர்காரர்கிட்ட என்ன வரிசைல சொல்லணும்? பையில என்ன உபரியா வெச்சுக்கணும்?

மிக்சர்_முன்னால்

"அண்ணே, என் சேனலை மியூட் பண்ணுங்க, டி.ஐ.க்கு ஃபேன்டம் வேணும்"னு முதல்ல சொல்லுங்க. மியூட் பண்ணாம ஃபேன்டம் போட்டா 'டப்'னு வெடிக்கும், ஸ்பீக்கருக்கு ஆகாது. ஃபேன்டம் போட்டு பத்து செகண்ட் கழிச்சு கிட்டாரைச் செருகி, ரெண்டு வால்யூமும் முழுசா திறந்து, நீங்க மேடைல அடிக்கப்போற பலத்துலயே திறந்த ஈ கம்பியை அடிங்க. சும்மா தடவிக் காட்டினா கெய்ன் தப்பாப் போயிடும், முதல் பாட்டுலயே கிளிப் ஆகும். கெய்ன் சரியானதும் லோ கட் இருக்கான்னு ஒரு தடவை கேளுங்க. இரைச்சல் இருந்தா கிரவுண்ட் லிஃப்ட்டைத் தட்டிப் பாருங்க. மலிவான ஆக்டிவ் டி.ஐ. சிலதுல லிஃப்ட் போட்டா ஃபேன்டமே அறுந்து சத்தம் நின்னுடும், அதுக்குத்தான் உள்ள 9 வோல்ட் பேட்டரி போடற வசதி இருக்கிற மாடலா வாங்கச் சொல்றது.

மண்டபத்துல அடி அதிகமா எதிரொலிச்சா லோவை வெட்டறதை விட 200–250 ஹெர்ட்ஸ்ல 3 டி.பி. எடுக்கச் சொல்லுங்க. ஸ்வரம் தெளிவா இல்லன்னா 700–800ல கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க. 41 ஹெர்ட்ஸைக் காட்டற ஸ்பீக்கர் பாதி மண்டபத்துல கிடையாது, ஜனங்க கேக்கறது அதோட ரெண்டு மடங்கான 82தான்.

பையில 6 மீட்டர் கிட்டார் கேபிள் ரெண்டு, 5 மீட்டர் எக்ஸ்.எல்.ஆர் ஒண்ணு, 9 வோல்ட் பேட்டரி ரெண்டு, தனி ஈ கம்பியும் ஜி கம்பியும், ஆலன் சாவி செட், கட்டர், துணி டேப், மல்டிமீட்டர்.

ஈயப்புகை

அதோடு மோனோ கேபிள்தான் எடுத்துப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆக்டிவ் கிட்டார் வாங்கினால், அதன் ஜாக்கில் மோனோ பிளக் செருகும்போதுதான் பேட்டரியின் மைனஸ் இணைந்து பிரீஆம்ப் உயிர் பெறும். மைக் செட்காரர் பெட்டியில் இருக்கும் ஸ்டீரியோ ஜாக் கேபிளைச் செருகினால் பேட்டரி புதிதாக இருந்தும் சத்தம் வராது. வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றி வைக்காவிட்டால் அதே காரணத்தால் இரவெல்லாம் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்கும்போது சத்தம் முதலில் பலமான அடிகளில் மட்டும் கிழியும். அது கேட்டவுடன் அடுத்த பாட்டுக்கு முன் மாற்றிவிடுங்கள்.